ஜப்பானியப் பேய்ப்படங்களும் தத்துவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேய்ப்படம் பார்க்கத் தத்துவம் எதற்கு?

தேவையே இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்து, பயந்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடலாம். ஆனால் 'ரிங்கு' (1998) பார்த்தவர்களிடம் பேசிப் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஊர்ந்து வரும் சடாகோ என்ற பேயைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள், அப்புறம் பேச்சு தானாகவே கதாநாயகியான அம்மா கடைசியில் செய்யப்போவது சரியா தப்பா என்ற இடத்துக்குப் போய் நிற்கும். அங்கே போன பிறகு அதற்குப் பெயர் தத்துவம்தான், நாம் வேறு பெயர் வைத்தாலும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1990களின் கடைசியில் கிளம்பிய இந்தப் படங்களில் நல்லவை எல்லாம் ஒரே கேள்வியைத்தான் விதவிதமாகக் கேட்கின்றன: யாரோ ஒருவர் யாருக்கோ செய்த கொடுமைக்கு, அதில் சம்பந்தமே இல்லாத நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? பேய் உண்டா இல்லையா என்பதில் அவற்றுக்கு அக்கறை குறைவு. கீழே உள்ள பதில்கள் எல்லாமே கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்? முடிவையும் சொல்லிவிடுவீர்களா?

சொல்லிவிடுவேன், வேறு வழியில்லை. தத்துவச் சிக்கல் எல்லாம் இந்தப் படங்களில் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஹிடியோ நகாடாவின் 'ரிங்கு', 'டார்க் வாட்டர்' (2002), கியோஷி குரோசவாவின் 'க்யூர்' (1997), 'கைரோ' (2001), 'சகேபி' (2006), தகாஷி ஷிமிசுவின் 'ஜு-ஓன்' (திரையரங்கப் படம் 2002). இவைதான் முக்கியம், மற்றவை போகிற போக்கில் வரும். இந்தக் குரோசவாவுக்கும் 'செவன் சாமுராய்' எடுத்த அகிரா குரோசவாவுக்கும் உறவு கிடையாது, இதையும் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

ஜப்பானியத் தத்துவக்காரர் யாராவது பேயைப் பற்றி நிஜமாகவே யோசித்திருக்கிறார்களா?

ஒருவர் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தார். இனோவே என்ர்யோ (1858–1919). பௌத்தக் கோயில் குடும்பத்தில் பிறந்து, டோக்கியோவில் மேற்கத்தியத் தத்துவம் படித்து, 1887இல் ஒரு தத்துவக் கல்விக்கூடம் தொடங்கினார், இன்றைய டோயோ பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். ஊர் ஊராகப் போய் உரையாற்றி, போகிற இடமெல்லாம் பேய்க்கதைகளைச் சேகரித்து, அவை எப்படி நடக்கின்றன என்று விளக்கினார். ஜனங்கள் அவருக்குப் 'பேய் டாக்டர்' என்றே பட்டம் கொடுத்துவிட்டார்கள். அப்போது ஜப்பானில் ஆவியை அழைத்துக் கேள்வி கேட்கும் கொக்குரி விளையாட்டு பரவியிருந்தது. மூங்கில் குச்சிகள்மேல் வைத்த மூடி ஆடுவது, விளையாடுகிறவர்களின் எதிர்பார்ப்பும் அவர்கள் அறியாமலே அசையும் தசைகளும் சேர்ந்து செய்கிற வேலை என்று எழுதினார்.

வெறும் மூடநம்பிக்கை ஒழிப்புக்காரர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் அவர் போட்ட பிரிவினை. மனிதர்கள் வேண்டுமென்றே கட்டிவிட்டவை, தவறாகப் புரிந்துகொண்டவை, இயற்கை நிகழ்வுகள் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றை மட்டும் மீதம் வைத்தார்: உண்மையான மர்மம், அதாவது உலகம் என்று ஒன்று இருப்பதே. போலிப் பேய்களை விரட்டினால்தான் அது கண்ணில் படும் என்பது அவர் வாதம். டோக்கியோவின் நகானோ பகுதியில் அவர் உருவாக்கிய தத்துவப் பூங்கா இன்றும் இருக்கிறது. அதன் வாயிலில் ஒரு பக்கம் தெங்கு என்ற மலைப்பூதம், இன்னொரு பக்கம் பெண் பேய். உள்ளே ஆறு ஞானிகளுக்கு ஒரு கோபுரம், அதில் நம் நாகார்ஜுனரும் கபிலரும் உண்டு. ஜப்பான் சார்பில் இருக்கும் இருவரில் ஒருவர் சுகவாரா நோ மிச்சிசானே. அவர் கதையைக் கேட்டால்தான் சடாகோ புரிவாள்.

யார் அந்த மிச்சிசானே?

ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர், அரசவைப் பெரிய மனிதர். அரண்மனைச் சூழ்ச்சியில் பழி சுமத்தித் தொலைவில் உள்ள தசைஃபு என்ற ஊருக்குத் துரத்திவிட்டார்கள், 903இல் அங்கேயே இறந்தார். அதன் பிறகு தலைநகரில் அவருடைய எதிரிகள் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள், 930இல் அரண்மனையிலேயே இடி விழுந்து ஆட்கள் மாண்டார்கள். அரசவை பயந்துபோய்ப் பறித்த பதவிகளைத் திருப்பிக் கொடுத்தது, கியோட்டோவில் கிதானோ கோயில் எழுந்தது. இன்று அவர் கல்விக் கடவுள், பரீட்சைக்கு முன்னால் மாணவர்கள் வேண்டிக்கொள்வது அவரிடம்தான்.

இந்த வழிமுறையில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அநியாயம் செய்தோம், ஒப்புக்கொள்கிறோம், மரியாதை செய்கிறோம், நீ சாந்தமாகு. 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகத்திலும் இதே அச்சுதான். ஸெயாமி எழுதிய நாடகங்களில் வழிப்போக்கரான துறவி ஒருவர் ஓர் ஊருக்கு வருவார், உள்ளூர் ஆள் மாதிரி ஒருவர் பேச்சுக் கொடுப்பார், பாதியில்தான் அது ஆவி என்று தெரியும். ஆவி தன் கதையைச் சொல்லும், துறவி கேட்பார், பிரார்த்திப்பார், ஆவி அமைதியடையும். கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்தால் போதும், பாதித் துயரம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அது.

'ரிங்கு'வில் உடலைக் கண்டெடுத்த பிறகும் சாபம் ஏன் தீரவில்லை?

அந்த ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று காட்டத்தான். கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வீடியோ கேசட், பார்த்தவர் ஏழு நாளில் சாவார். செய்தியாளரான ரெய்கோ அதைப் பார்த்துவிடுகிறாள், அவளுடைய சின்ன மகனும் பார்த்துவிடுகிறான். முன்னாள் கணவன் ர்யூஜியோடு சேர்ந்து தேடுகிறாள். சடாகோ என்ற அபூர்வ சக்தி கொண்ட பெண்ணைக் கிணற்றில் தள்ளிக் கொன்றது தெரியவருகிறது. ரெய்கோ கிணற்றுக்குள் இறங்கி, சேற்றுத் தண்ணீரில் துழாவி, அந்த எலும்புக்கூட்டை ஒரு குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொள்கிறாள். அவளுடைய கெடு கடந்துவிடுகிறது, உயிரோடு இருக்கிறாள். நோ நாடகமாக இருந்தால் இங்கே திரை விழுந்திருக்கும்.

மறுநாள் ர்யூஜி சாகிறான். ரெய்கோ பிழைத்தது எலும்பை அணைத்ததால் இல்லை, கேசட்டைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டியதால். அவ்வளவுதான். கண்டுபிடித்தது, புரிந்துகொண்டது, அழுதது எதற்குமே மதிப்பில்லை. உண்மை வெளியே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் துப்பறியும் கதைகளிலிருந்து பத்திரிகைத் தொழில்வரை நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்பிக்கையைத்தான் படம் கொல்கிறது. கதாநாயகி செய்தியாளராக இருப்பது சும்மா வைத்த விஷயம் இல்லை.

இதற்குப் பின்னால் உண்மைச் சம்பவமும் உண்டு. 1910இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக உளவியலாளர் தொமொகிச்சி ஃபுகுராய், மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணுக்கு மூடிய உறைக்குள் இருப்பதைப் படிக்கும் சக்தி உண்டு என்று அறிஞர்கள் முன்னால் நிரூபிக்க முயன்றார். சோதனை முறை சரியில்லை என்று சர்ச்சை கிளம்பியது, பத்திரிகைகள் பிய்த்து எடுத்தன, 1911 தொடக்கத்தில் அந்தப் பெண் விஷம் குடித்து இறந்தார். படத்தில் சடாகோவின் தாய் செய்தியாளர்கள் முன்னால் அவமானப்படும் காட்சியைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரட்டும். பேய் பழிவாங்குவது அந்தக் கூட்டத்தின் வாரிசுகளை, அதாவது ஊடகத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிற நம்மை.

அப்படியானால் ரெய்கோ கடைசியில் செய்வது சரியா?

அதிகம் வந்த கேள்வி இதுதான். மகனைக் காப்பாற்ற அவள் தன் சொந்த அப்பாவுக்குக் கேசட்டைக் காட்டப் போகிறாள். காரை ஓட்டிக்கொண்டு போவதோடு படம் முடிகிறது.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டைக் கேட்டால் பதில் கறாராக வரும்: ஒரு மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது. அப்பா இங்கே கருவி. அதோடு, எல்லோரும் இதையே செய்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்கச் சொன்ன சோதனையிலும் இது தேறாது, ஏனென்றால் சங்கிலியின் கடைசியில் ஒருவர் நிற்கத்தான் வேண்டும், அவருக்குக் காட்ட ஆள் இருக்காது. பயன் கணக்குப் பார்க்கிறவர்கள், அப்பாவும் பிரதி எடுத்து அடுத்தவருக்குக் காட்டினால் யாருமே சாக வேண்டாமே என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் அப்படிப் பரவினால் ஊரே ஒவ்வொரு ஏழு நாளும் அடுத்தவரைத் தேடிக்கொண்டு வாழும். 1970களில் ஜப்பானில் 'துரதிர்ஷ்டக் கடிதம்' என்று ஒன்று பரவியது, இத்தனை பேருக்கு நகலெழுதி அனுப்பாவிட்டால் உனக்குக் கெடுதல் என்று. நம் கைபேசியில் வரும் 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' ரகம்தான். அதை நம்பாதவர்கூட எதற்கு வம்பு என்று அனுப்பியிருப்பார், அந்த மனநிலையைத்தான் படம் கொலைவரை நீட்டுகிறது.

என் பதில் வேண்டுமென்றால்: தப்புதான், நானும் அதையே செய்திருப்பேன், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. படத்தை முக்கியமாக்குவது அவளை நல்லவள் ஆக்காமலும் கெட்டவள் ஆக்காமலும் காரில் ஏற்றி அனுப்பிவிட்டதுதான்.

தப்பே செய்யாதவர்கள் ஏன் சாகிறார்கள்? இதில் என்ன நியாயம்?

நியாயம் இல்லை என்பதே விஷயம். பழைய கதையில் இருந்தது. த்சுருயா நன்போகு 1825இல் எழுதிய யோத்சுயா கபுகி நாடகத்தில் இயெமோன் தன் மனைவி ஓய்வாவுக்குத் துரோகம் செய்கிறான், விஷத்தால் அவள் முகம் சிதைந்து சாகிறாள், பேயாக வந்து அவனைத் துரத்துகிறாள். யார் செய்தாரோ அவருக்கு வந்தது. நொபுவோ நகாகவா 1959இல் எடுத்த படத்திலும் பார்வையாளர் ஓய்வாவின் பக்கம் நிம்மதியாக நிற்கலாம்.

'ஜு-ஓன்'னில் அந்த நிம்மதி கிடையாது. கணவன் மனைவியைக் கொன்ற வீடு. அந்த வீட்டுக்குள் கால் வைத்த எல்லோரும் தொலைந்தார்கள். முதலில் மாட்டிக்கொள்ளும் ரிக்கா, அங்கே கவனிப்பாரில்லாமல் கிடக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ள வந்த தன்னார்வலர். உதவி செய்ய வந்தவள்! இதற்குக் கர்மா என்று விடை சொல்ல முடியாது. தீட்டு என்றால் பொருந்துகிறது. 927இல் தொகுத்து முடித்த எங்கிஷிகி என்ற சட்டநூலில் மரணத் தீட்டு முப்பது நாள் என்று இருக்கிறது. தீட்டுப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் இன்னொரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டாருக்கும், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கும் எப்படித் தொற்றும் என்று படிப்படியாக விதி எழுதி வைத்திருக்கிறார்கள். தீட்டு யார் நல்லவர் என்று பார்க்காது, போனாயா, உட்கார்ந்தாயா என்று மட்டும்தான் பார்க்கும். ஷிமிசு அந்த விதிநூலை நினைத்து எடுத்தாரா என்பது வேறு விஷயம், படம் இயங்குவது அதே விதியில்தான்.

1976இல் தத்துவவாதிகள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 'ஒழுக்கத்தில் அதிர்ஷ்டம்' பற்றி விவாதித்தார்கள்: நம் கையில் இல்லாத விஷயங்களுக்கும் நாம் பொறுப்பாளியாக்கப்படுகிறோமே, அது எப்படி? அவர்களுடைய உதாரணங்களில் லாரி ஓட்டுநரும் குறுக்கே ஓடிவந்த குழந்தையும் இருப்பார்கள். ரிக்காவுக்கு அவ்வளவு தொடர்புகூடக் கிடையாது. அவளுக்கு வேலைக்கு அனுப்பிய முகவரிதான் வினை.

எல்லாம் ஜென், பௌத்தம், ஜப்பானியர் மனம் என்று சொல்லிவிட்டால் முடிந்ததா?

முடியாது, தயவுசெய்து அப்படி ஆரம்பிக்காதீர்கள். ஜென் இந்தப் படங்களில் அநேகமாக இல்லவே இல்லை. பௌத்தம் சடங்காக வரும், பற்று விடாமல் செத்தவர் அலைவார் என்ற எண்ணமாக வரும், ஆனால் பௌத்தத் துறவி வந்து தீர்த்துவைக்கும் காட்சியை இந்தத் தலைமுறை இயக்குநர்கள் பெரும்பாலும் தூக்கிக் கடாசிவிட்டார்கள். 'ஜப்பானியர் மனம்' பற்றி எனக்குத் தெரிந்ததைவிட 1995ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்வது பயன்படும்: ஜனவரியில் கோபே நிலநடுக்கம், மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்கும்பலின் விஷவாயு. படித்த இளைஞர்கள், ஏன் செய்தார்கள் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாமல், முகம் தெரியாதவர்களைக் கொன்றார்கள். இரண்டு வருடம் கழித்து 'க்யூர்' வருகிறது.

'க்யூர்' ஏன் இப்படிக் குழப்புகிறது?

டோக்கியோவில் தொடர்கொலைகள். ஒவ்வொன்றிலும் கொலையாளி வேறு ஆள், எல்லோரும் சாதாரணமானவர்கள்: ஆசிரியர் மனைவியைக் கொல்கிறார், காவலர் சக காவலரைச் சுடுகிறார், மருத்துவர் ஒரு அந்நியனைக் கொல்கிறார். எல்லாப் பிணத்திலும் கழுத்துப்பக்கம் ஒரே மாதிரி X வடிவ வெட்டு. கொன்றவர்களுக்கு ஏன் என்று தெரியவில்லை. இடையில் நடமாடுகிறவன் மாமியா, ஞாபகம் போன இளைஞன், பார்க்கிறவரிடமெல்லாம் "நீ யார்?" என்று கேட்கிறான். பெயரைச் சொன்னால் போதாது, தொழிலைச் சொன்னாலும் போதாது, திரும்பவும் கேட்கிறான். மெஸ்மரிசம் என்று படம் ஒரு விளக்கம் தருகிறது, அதை ரொம்பப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

தெத்சுரோ வத்சுஜி (1889–1960) என்ற ஒழுக்கவியல் சிந்தனையாளர் சொன்னது இங்கே உதவும். மனிதன் தனியாக ஒரு மணிபோல உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் இல்லை, கணவன், மகன், ஊழியன், அண்டை வீட்டுக்காரன் என்று ஆட்களுக்கு நடுவே இருக்கும் உறவுகளில்தான் இருக்கிறான், ஒழுக்கமும் அந்த நடுவில்தான் இருக்கிறது என்றார். கேட்க இதமாக இருக்கிறது. 'க்யூர்' அதைத் திருப்பிப் போடுகிறது: அந்த உறவுகளையெல்லாம் ஒருவன் ஒரு கேள்வியால் உருவிவிட்டால் மீதி என்ன இருக்கும்? படத்தின் பதில், அந்த உறவுகளுக்குள்ளேயே அடக்கி வைத்திருந்த வெறுப்பு. ஆசிரியர் மனைவியைத்தான் கொல்கிறார், காவலர் தினமும் பக்கத்தில் வேலை பார்க்கிறவரைத்தான் சுடுகிறார். துப்பறியும் தகாபே (கோஜி யாகுஷோ) மனநலம் குன்றிய மனைவியைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளும் நல்ல கணவர். அந்தப் பொறுமைக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று மாமியாவுக்குத் தெரிந்துவிடுகிறது. வத்சுஜி தனிமனிதரைக் கடைசியில் அரசு என்ற முழுமைக்குள் கரைத்துவிட்டார் என்ற விமர்சனம் பழையது. இந்தப் படத்தை அந்த விமர்சனத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

'கைரோ' இணையத்தைப் பற்றிய படம்தானே? இப்போது பழசாகிவிடவில்லையா?

டயல்-அப் மோடம் சத்தம் பழசு. மற்றது இல்லை. செத்தவர்களின் உலகம் நிரம்பி வழிந்து, அவர்கள் கணினி வழியாக நம் பக்கம் கசிகிறார்கள். பார்த்தவர்கள் மெல்ல உயிர்ப்பை இழந்து, சுவரில் கரிய கறையாகிவிடுகிறார்கள். அந்தக் கறையைப் பார்த்தால் அணுகுண்டால் ஹிரோஷிமாவின் கல்லில் பதிந்த நிழல் ஞாபகம் வராமல் இருக்காது.

படத்தில் ஒரு மாணவர் செய்த கணினி நிரல் வரும். திரையில் புள்ளிகள் மிதக்கும், இரண்டு புள்ளி ரொம்ப நெருங்கினால் அழியும், ரொம்ப விலகினால் மறுபடி இழுக்கப்படும். ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் 1851இல் எழுதிய முள்ளம்பன்றிக் கதை அப்படியே இதுதான்: குளிருக்கு ஒண்டினால் முள் குத்துகிறது, விலகினால் விறைக்கிறது. ஆனால் ஷோப்பன்ஹவரின் முள்ளம்பன்றிகள் கடைசியில் தாங்கக்கூடிய ஒரு தூரத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும், அதற்கு நாகரிகம் என்று பெயர். குரோசவாவின் மனிதர்களுக்கு அந்தத் தூரம் கிடைப்பதில்லை.

சாவு தனிமையிலிருந்து விடுதலை என்று நினைத்தவர்களுக்கு, இல்லை, அது தீராத தனிமை என்று படத்தில் பேயே சொல்கிறது. கவாஷிமா என்ற மாணவன் அதை நம்ப மறுத்து, கை ஊடுருவிப் போகும் என்று நினைத்துப் பேயின் தோளைப் பிடிக்கப் பாய்கிறான். கை தட்டுப்படுகிறது. பேய் திடமாக இருக்கிறது! எனக்குத் தெரிந்து பேய்ப்பட வரலாற்றில் இதைவிட மோசமான செய்தி கிடையாது. கியோட்டோ மரபுச் சிந்தனையாளர் கெய்ஜி நிஷிதானி, காலடியில் அர்த்தமின்மையின் பள்ளம் திறக்கும்போது ஓடாமல் அதன் வழியாகவே போனால் நாகார்ஜுனர் சொன்ன சூன்யத்தைத் தொடலாம், அங்கே எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்றார். 'கைரோ' பள்ளம்வரை அவரோடு வருகிறது. அதற்கப்புறம் வரவில்லை.

மேற்கத்தியக் கோட்பாடுகள் இவற்றுக்குப் பொருந்துமா?

துண்டு துண்டாகப் பொருந்தும். ஃப்ராய்டு 1919இல் எழுதிய கட்டுரையில், பழகிய ஒன்று அடக்கப்பட்டு அந்நியமாகத் திரும்பி வருவதுதான் நடுக்கத்தின் வேர் என்றார். 'டார்க் வாட்டர்'ரில் எத்தனை முறை வீசினாலும் திரும்பி வரும், ஒரு குழந்தையின் சிவப்புப் பை அதற்குச் சரியான உதாரணம். ரோபோ விஞ்ஞானி மசாஹிரோ மோரி 1970இல், மனிதனைப் போல அநேகமாக இருந்தும் முழுதாக இல்லாதது அருவருப்பூட்டும், அசைந்தால் இன்னும் மோசம் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். சடாகோவாக நடித்த ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். ஏதோ சரியில்லை என்று உடம்புக்குத் தெரியும், கண்ணுக்குக் காரணம் பிடிபடாது.

திகில் கதைகளைப் பற்றி 1990இல் எழுதிய தத்துவவாதி நோயல் கேரல்தான் சரியாக உட்காரவில்லை. அரக்கன் அபாயமும் அசுத்தமும் கலந்தவன், அவன் யார் என்று கண்டுபிடிக்கும் ஆர்வம்தான் பயத்தையும் தாண்டி நம்மை உட்காரவைக்கிறது என்பது அவர் வாதம். 'ரிங்கு' அந்த ஆர்வத்தை முழுக்க ஊட்டி வளர்த்து, விடையும் கொடுத்துவிட்டு, விடையால் பயனில்லை என்கிறது. கேரலின் கோட்பாட்டைக் கெடுக்கவே எடுத்ததுபோல இருக்கிறது.

பேய்கள் ஏன் எல்லாம் பெண்கள்?

எல்லாம் இல்லை, மிச்சிசானே ஆண்தான். ஆனால் பதவியில் இருந்த ஆணுக்குக் கோயில், வீட்டுக்குள் செத்த பெண்ணுக்குக் கிணறு என்ற கணக்கைக் கவனியுங்கள். ஓய்வாவைக் கெடுத்தது கணவன், ஜு-ஓன் கயாகோவைக் கொன்றது கணவன், சடாகோவைத் தள்ளியது வளர்த்தவர். உயிரோடிருந்தபோது பேச வழியில்லாத கோபம் செத்த பிறகு வருகிறது. இது பெண்ணின் நியாயத்தைச் சொல்கிறதா, பெண்ணின் கோபத்தைப் பூச்சாண்டி ஆக்குகிறதா? இரண்டும்தான், பல சமயம் ஒரே காட்சியில். தகாஷி மீகேயின் 'ஆடிஷன்' (1999) இதில் கொஞ்சம் நேர்மையானது. இரண்டாவது மனைவி தேடும் நல்ல மனிதர் ஒருவர் போலி நடிகர் தேர்வு நடத்திப் பெண்களை வரிசையில் உட்காரவைத்துப் பார்க்கிறார், அந்தக் காட்சியை நாமும் சிரித்துக்கொண்டே பார்த்தோம் என்பதை மீகே பிற்பாடு மறக்கவிடுவதில்லை.

'டார்க் வாட்டர்' கண்ணீர்ப் படமா, பேய்ப்படமா?

என் பட்டியலில் இதுதான் முதலிடம். யோஷிமி விவாகரத்துக் கேட்டு நிற்கும் தாய். முன்பு பிழை திருத்துநராக வன்முறை நிறைந்த நாவல்களைப் படித்துப் படித்து மனச்சோர்வில் சிகிச்சைக்குப் போனவள், கணவன் தரப்பு அதையே அவளுக்கு எதிராகப் பயன்படுத்துகிறது. குடியேறும் பழைய அடுக்குமாடியில் கூரை ஒழுகுகிறது, சொன்னால் யாரும் அசைவதில்லை. பாதிப் படம்வரை உண்மையான பயம் பேய் இல்லை, குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டதே என்பதுதான். மாடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்த மித்சுகோ என்ற சிறுமி, யாரும் கூட்டிப்போக வராத குழந்தை. யோஷிமியும் சின்ன வயதில் அப்படிக் காத்திருந்தவள்.

முடிவில் பேய்க்குழந்தை இவளைத் தாயாகக் கேட்கிறது. தன் மகள் இகுகோவைக் காப்பாற்ற யோஷிமி லிஃப்டுக்குள் அந்தக் குழந்தையை அணைத்துக்கொண்டு, நான்தான் உன் அம்மா என்கிறாள், இகுகோ வெளியே நின்று அழுகிறாள். எதிரே நிற்கும் இன்னொருவரின் முகம் நம்மிடம் எல்லையில்லாமல் கோருகிறது என்றார் தத்துவவாதி லெவினாஸ். அதோடு, மூன்றாவதாக ஒருவர் வந்து நின்றால் யாருக்கு எவ்வளவு என்ற நியாயக் கணக்கு தொடங்கிவிடும் என்றும் சொன்னார். இங்கே அந்த மூன்றாமவர் சொந்த மகள். கைவிடப்பட்ட குழந்தையின் துயரத்தைத் தீர்க்க இன்னொரு குழந்தை கைவிடப்படுகிறது. இதைத் தியாகம் என்று கொண்டாடினால் இகுகோவின் பக்கத்தை மறந்துவிடுகிறோம்.

கொல்லவும் இல்லை, தொடவும் இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போனவருக்கும் பொறுப்பு உண்டா?

'சகேபி' அதற்கென்றே எடுத்த படம். வளைகுடாக் கரையில் ஒரு பழைய மனநல இல்லம். அங்கே அடைபட்டிருந்த பெண் ஜன்னலில் நிற்பதைப் படகில் போனவர்கள் தினமும் பார்த்தார்கள், கடந்து போனார்கள். பல வருடம் கழித்துச் சிவப்பு உடையில் வருகிறாள். அவள் சொல்வது இதுதான்: நான் இறந்துவிட்டேன், அதனால் எல்லோரும் இறந்துவிடுங்கள்.

போர் முடிந்த மறுவருடம், 1946இல், ஜெர்மன் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ் ஜெர்மானியர்களின் குற்றத்தை நான்காகப் பிரித்தார். சட்டக் குற்றம், அரசியல் குற்றம், ஒழுக்கக் குற்றம், நான்காவது அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது: இன்னொருவருக்கு அநியாயம் நடந்தபோது நான் அங்கே இருந்தேன், இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பதே ஒரு குற்றம். அதற்குத் தண்டனை கொடுக்கும் மனித நீதிமன்றம் கிடையாது என்றார். குரோசவா அந்த நீதிமன்றத்தைக் கற்பனை செய்து பார்க்கிறார், நீதிபதி சிவப்பு உடை. தீர்ப்பு அநியாயமாக இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அவளுக்கு எது நியாயமாக இருந்திருக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

ஹாலிவுட் மறுபதிப்புகளில் என்ன குறை?

'தி ரிங்' (2002) நன்றாக எடுத்த படம்தான். ஆனால் அதில் மகன் அம்மாவிடம், அவளுக்கு நீ உதவியிருக்கக் கூடாது என்கிறான். பேய்ப்பெண் சுபாவத்திலேயே கெட்டவள் என்று ஆகிவிட்டது. அவள் கெட்டவள் என்றால் நம் கடன் தீர்ந்தது, ஓடித் தப்பித்தால் போதும்.

பார்த்தேன், பயமே வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

கைபேசியில் பார்த்திருப்பீர்கள். இந்தப் படங்களில் பேய் பாதி நேரம் சட்டகத்தின் மூலையில் சும்மா நிற்கும், இசையும் எச்சரிக்காது. பெரிய திரை, இரவு, காதில் நல்ல ஹெட்போன். அப்படியும் வரவில்லை என்றால் பரவாயில்லை, 'டார்க் வாட்டர்'ரைக் குடும்பப் படமாகப் பார்க்கலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

'ரிங்கு', 'டார்க் வாட்டர்', 'க்யூர்', 'கைரோ' இந்த வரிசை. 'சகேபி'யைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை பார்த்த பிறகுதான் அதன் கோபம் பிடிபடும். பழசில் ஆர்வம் இருந்தால் மசாகி கொபயாஷியின் 'க்வைதான்' (1964), லஃப்கேடியோ ஹெர்ன் எழுதி வைத்த கதைகளிலிருந்து நான்கு. மூன்று மணி நேரம் ஓடும், அதனால் இரண்டு இரவாகப் பிரித்துக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. 'ஜு-ஓன்' வரிசையில் முதல் திரையரங்கப் படம் போதும், மற்றவற்றைத் தவிர்த்தால் நஷ்டமில்லை.